முதலில் இறங்குகிறவர்

(மெரினா கடற்கரை மீனவர் ஊரான நொச்சிக்குப்பத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



உளவியல் பற்றிப் பேசச் சொன்னார்கள். உளவியல் என்றதும் தூக்கம் வராதது, மனசு சரியில்லாதது, டாக்டரிடம் போவது என்று நினைப்போம். அதைப் பற்றி வேறொரு நாள் பேசலாம். தனியாக இருக்கும்போது ஒரு மாதிரியும், நாலு பேர் நடுவில் வேறு மாதிரியும் நடந்துகொள்கிறோமே, அது ஏன் என்று இன்றைக்குப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். இதைப் பேச இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் சென்னையில் வேறு இல்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். செம்பரம்பாக்கம் ஏரி திறந்துவிடப்பட்டது, அடையாறு கரைபுரண்டது. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம், அந்தப் பக்கம் முடிச்சூர் என்று எங்கும் தண்ணீர். முதல் மாடியிலும் மொட்டை மாடியிலும் மக்கள் நின்றார்கள். போன் வேலை செய்யவில்லை, கரண்ட் இல்லை. ராணுவமும் பேரிடர் மீட்புப் படையும் வந்தன. கூடவே, கடற்கரைக் குப்பங்களிலிருந்து ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு மீனவர்கள் போனார்கள். சாலையில் படகு விடுவது கடலில் விடுவதைப் போலச் சுலபம் கிடையாது. தண்ணீருக்கு அடியில் காம்பவுண்ட் சுவர் எங்கே இருக்கிறது, நிறுத்தி வைத்த கார் எங்கே இருக்கிறது, மின்கம்பி எங்கே தொங்குகிறது, எதுவும் தெரியாது. அந்தத் தெருக்களில் இருந்தவர்கள் யாரும் இவர்களுக்கு உறவும் இல்லை, தெரிந்தவர்களும் இல்லை. அந்த வாரம் பத்திரிகைகள் சென்னையைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடின. சென்னைக்காரனின் மனசே மனசு என்று எழுதினார்கள்.

ஏழு மாதம்கூட ஆகவில்லை. 2016 ஜூன் 24, காலை ஆறரை மணி வாக்கில் நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில், வேலைக்குப் போக ரயிலுக்குக் காத்திருந்த ஒரு இளம்பெண்ணை ஒருவன் வெட்டிக் கொன்றான். ஆட்கள் இருந்தார்கள், பார்த்தார்கள். வெட்டியவன் தப்பிப் போனான். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அந்தப் பெண்ணின் உடல் அங்கேயே கிடந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே இதைக் கையிலெடுத்துக் கண்டித்தது. அதே பத்திரிகைகள் இப்போது வேறு மாதிரி எழுதின: சென்னைக்காரனுக்கு ஈரம் வற்றிவிட்டது, மனிதம் செத்துவிட்டது.

ஏழு மாதத்தில் ஒரு ஊரின் ஈரம் வற்றுமா? வற்றாது. அப்படியானால் என்னதான் நடந்தது?

இதே கேள்வியை 1964இல் நியூயார்க்கில் கேட்டார்கள். கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் நள்ளிரவுக்குப் பிறகு வீடு திரும்பும்போது குத்திக் கொல்லப்பட்டார். 38 பேர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று செய்தி வந்தது. அந்த 38 என்ற கணக்கு மிகைப்படுத்தப்பட்டது என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. சிலர் குரல் கொடுத்தார்கள், ஒரு பெண் கீழே ஓடிவந்து ஆம்புலன்ஸ் வரும் வரை அவளைக் கையில் தாங்கியிருந்தாள். ஆனால் அந்தத் தப்பான செய்தி ஒரு நல்ல காரியம் செய்தது. டார்லி, லட்டானே என்ற இரண்டு இளம் ஆய்வாளர்களை அது தூங்க விடவில்லை.

அவர்கள் செய்த சோதனை இது. மாணவர் ஒருவரைத் தனி அறையில் உட்கார வைத்து, மைக் வழியாகப் பக்கத்து அறைகளில் இருப்பவர்களோடு பேசச் சொன்னார்கள். நடுவில் ஒரு குரல் திணறுகிறது, வலிப்பு வருகிறது, யாராவது வாருங்கள் என்கிறது. அந்தக் குரல் பதிவு செய்து வைத்தது. மாணவருக்கு அது தெரியாது. இதைக் கேட்பது தான் ஒருவர் மட்டுமே என்று நினைத்தவர்களில் நூற்றுக்கு 85 பேர் அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவி தேடி வெளியே ஓடிவந்தார்கள். தன்னைத் தவிர இன்னும் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் வந்தவர்கள் 31 பேர்தான்.

வராதவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்றால் நமக்கு நிம்மதியாக இருக்கும். அப்படி இல்லை. ஆய்வாளர்கள் உள்ளே போனபோது அவர்களுக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்திருந்தது. அந்தப் பையனுக்கு என்ன ஆச்சு என்று அவர்கள்தான் முதலில் கேட்டார்கள். கவலை இருந்தது. ஆனால் அந்தக் கவலையை அஞ்சாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். தன் பங்குக்கு வந்த கொஞ்சூண்டு பொறுப்பு காலை எழுப்பப் போதவில்லை.

இன்னொரு சோதனையில் அறைக்குள் மெல்லப் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். கூட இருக்கும் இரண்டு பேர் ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தால், எழுந்து போனவர் பத்தில் ஒருவர். கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவன் பதறவில்லை, அதனால் ஆபத்து இருக்காது என்று இவன் நினைக்கிறான். இவன் பதறவில்லை என்று அவன் நினைக்கிறான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, எல்லோரும் சேர்ந்து ஏமாறுகிறார்கள். நுங்கம்பாக்கத்தில் அன்று காலை பயம் இருந்தது, கையில் கத்தி வைத்திருந்தவன் முன்னால் பயம் இருப்பது நியாயம். ஆனால் அவன் போன பிறகும் இரண்டு மணி நேரம் ஓடியதற்குப் பயம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. போலீஸ் வேலை, ரயில்வே வேலை, நமக்கு எதற்கு, சாட்சி என்று கோர்ட்டுக்கு இழுப்பார்கள், யாராவது செய்வார்கள் என்ற நினைப்பும் சேர்ந்திருக்கும்.

இதற்கெல்லாம் முன்னால், 1951இல் சாலமன் ஆஷ் என்பவர் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். ஒரு கோட்டைக் காட்டி, மூன்று கோடுகளில் எது இதே நீளம் என்று கேட்டார். சின்னப் பிள்ளைகூடச் சரியாகச் சொல்லும். ஆனால் உங்களுக்கு முன்னால் ஆறேழு பேர் வரிசையாகத் தப்பான கோட்டைச் சொல்கிறார்கள். அவர்கள் எல்லோரும் ஆஷின் ஆட்கள். உங்கள் முறை வருகிறது. என்ன சொல்வீர்கள்? சோதனைக்கு வந்தவர்கள் சொன்ன பதில்களில் மூன்றில் ஒரு பங்கு, கூட்டத்தோடு சேர்ந்த தப்பான பதில். ஆஷ் ஒரு சின்ன மாற்றம் செய்தார். வரிசையில் ஒரே ஒருவரை மட்டும் சரியாகச் சொல்ல வைத்தார். கூட்டத்தோடு போவது படுவேகமாகக் குறைந்துவிட்டது. ஒரே ஒரு ஆள், அவ்வளவுதான்.

அந்த ஒரே ஒரு ஆளைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்தது முழுக்க அவரைப் பற்றித்தான்.

இந்த ஆய்வுகளைப் பாடம் நடத்தும்போது எனக்கு எப்போதும் ஒரு உறுத்தல் உண்டு. இவை பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை, ஒருவரை ஒருவர் அறியாதவர்களை, அறைக்குள் அடைத்து வைத்துச் செய்தவை. தெருவில் நடப்பது வேறு. அண்மையில் ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் ஆகிய மூன்று ஊர்களில் சிசிடிவியில் பதிவான 219 சண்டைகளை ஒரு குழு உட்கார்ந்து பார்த்தது. பத்தில் ஒன்பது சண்டைகளில் யாராவது ஒருவராவது குறுக்கே போய் விலக்கியிருக்கிறார்கள். ஆட்கள் அதிகமாக இருந்தால் விலக்க வருகிறவர் கிடைக்கும் வாய்ப்பும் அதிகமாகத்தான் இருந்திருக்கிறது. எனவே கூட்டம் என்றாலே கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் என்று சொல்லிவிட முடியாது.

குப்பம் இதை ரொம்ப காலமாகவே அறிந்திருக்கிறது. கடலுக்குப் போன படகு திரும்பவில்லை என்றால் அன்றைக்கு மற்ற படகுகள் மீன் பிடிக்கப் போவதில்லை, தேடப் போகின்றன. யார் வீட்டுப் படகு, அவரோடு நமக்குப் பேச்சுவார்த்தை உண்டா இல்லையா என்பதெல்லாம் அப்போது கேள்வியே இல்லை. கடலில் ஆபத்து என்றால் 'யாராவது போவார்கள்' என்று சொல்ல அங்கே யாருமில்லை. போக வேண்டியது நாம்தான் என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். 2015இல் வேளச்சேரிக்கும் கோட்டூர்புரத்துக்கும் போனது அந்தப் பழக்கம்தான். 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தின்போது கொல்லம், திருவனந்தபுரம் பக்கத்து மீனவர்கள் இதையே செய்தார்கள். நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், அறுநூற்றுக்கும் மேற்பட்ட படகுகள். இவர்கள்தான் கேரளத்தின் ராணுவம் என்றார் முதல்வர் பினராயி விஜயன். பாராட்டு சரிதான். ஆனால் வீரம் என்று சொல்லி முடித்துவிட்டால், பின்னால் இருக்கும் பழக்கம் கண்ணில் படாமல் போய்விடும். அவர்கள் பல தலைமுறையாக அதற்குப் பயிற்சி எடுத்தவர்கள்.

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதிக்கு வருகிறேன்.

2017 ஜனவரி 17 அன்று மெரினாவில் ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் சட்டம் கேட்டு இளைஞர்கள் கூடினார்கள். மூன்றாம் நாள், நான்காம் நாள் லட்சக்கணக்கில் வந்தார்கள். தலைவர் கிடையாது, மேடை கிடையாது. ஆனாலும் குப்பையை அவர்களே பொறுக்கினார்கள், ஆம்புலன்ஸ் வந்தால் வழிவிட்டார்கள், இரவில் பெண்கள் பயமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் குனிந்து தண்ணீர் பாட்டிலைப் பொறுக்கினால் பக்கத்திலிருப்பவனும் குனிகிறான். கூட்டத்தோடு போவது எப்போதும் கெட்டதற்குத்தான் என்று நினைக்க வேண்டாம். ஆஷின் சோதனையில் தப்பான கோட்டைச் சொல்ல வைத்த அதே இழுப்புதான் மெரினாவைச் சுத்தமாக வைத்திருந்தது. சீருடையில் இருந்த ஒரு காவலரே மைக்கைப் பிடித்துப் போராட்டத்துக்கு ஆதரவாகப் பேசினார். அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஜனவரி 23 காலை உத்தரவு வந்தது: கலைத்துவிடுங்கள். முந்தின நாள் வரை மாணவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த காவலர்கள் தடியோடு வந்தார்கள். மாணவர்கள் அலை ஓரம் போய்க் கை கோத்து நின்றார்கள். சாலைப் பக்கம் அடைத்தாகிவிட்டதால், சாப்பாடும் தண்ணீரும் கடல் பக்கமிருந்து மீனவர்களின் படகில் வந்தன. அடிபட்டு ஓடிய பிள்ளைகள் கடற்கரைக் குப்பங்களுக்குள் நுழைந்தார்கள். குப்பத்துப் பெண்கள் கதவைத் திறந்து உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அன்று ஐஸ் ஹவுஸ் காவல் நிலையத்தில் தீ வைக்கப்பட்டது, வண்டிகள் எரிந்தன, நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்து சாம்பலானது. காவலர்களே ஆட்டோவுக்குத் தீ வைப்பதாகக் காட்டிய காணொளிகள் வந்தன. அவை திரிக்கப்பட்டவை என்று காவல்துறைத் தரப்பில் சொன்னார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி ராஜேஸ்வரன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. எந்தச் சட்டத்துக்காகக் கூடினார்களோ அந்த மசோதா அதே நாள் மாலையே சட்டமன்றத்தில் நிறைவேறியது. அடியும் தீயும் எதற்கு என்ற கேள்விக்கு இன்றுவரை எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

முந்தின நாள் சிரித்த காவலர் மறுநாள் எப்படி அடித்தார்? 1961இல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் கேட்டதும் ஏறக்குறைய இதுதான். வெள்ளை கோட் இல்லை, சாம்பல் நிற கோட் போட்ட ஒருவர் 'தொடருங்கள்' என்று சொல்கிறார். சோதனைக்கு வந்தவர், அடுத்த அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொல்லும் ஒவ்வொரு முறையும் மின் அதிர்ச்சியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கத்துகிறார், கெஞ்சுகிறார். உண்மையில் கரண்ட் பாயவில்லை, அது நடிப்பு. ஆனால் பொத்தானை அழுத்துகிறவருக்குத் தெரியாது. 40 பேரில் 26 பேர் கடைசிப் பொத்தான் வரை, 450 வோல்ட் வரை, போனார்கள். அவர்கள் தபால்காரர், ஆசிரியர், விற்பனையாளர் போன்ற சாதாரண ஆட்கள்.

எல்லோரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மில்கிராம் நிறுத்தவில்லை. உத்தரவு போடுகிறவர் அறையை விட்டு வெளியே போய் போனில் சொன்னால், கடைசி வரை போனவர்கள் ஐந்தில் ஒருவர்தான். அடிபடுகிறவரின் கையைத் தானே பிடித்து அழுத்த வேண்டும் என்றால் நூற்றுக்கு 30. கூட உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் 'இனி நாங்கள் செய்ய மாட்டோம்' என்று எழுந்துவிட்டால்? 40 பேரில் 4. பொத்தானை வேறொருவர் அழுத்துகிறார், இவர் கூடமாட வேலை மட்டும் செய்தால் போதும் என்றால்? 40க்கு 37 பேர் முழுசும் போனார்கள். எனக்கு இந்த 37தான் பயமாக இருக்கிறது. அடிக்கிறவனைவிட, அடிக்கிற இடத்துக்கு வண்டி அனுப்புகிறவன், கோப்பில் கையெழுத்துப் போடுகிறவன், பேரிகேடை இழுத்து வைக்கிறவன் நிறையப் பேர். நாமும் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் நிற்கிறோம்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். கடல் பக்கத்து ஆட்களுக்கு மாடு பிடிக்கும் பழக்கம் கிடையாது; அது மதுரைப் பக்கம், புதுக்கோட்டைப் பக்கம். பிறகு எதற்குக் கதவைத் திறந்தார்கள்? ஒரு வாரமாக அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள், பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் 'யாரோ காலேஜ் பசங்க', 'நம்ம புள்ளைங்க' ஆகிவிட்டார்கள். லங்காஸ்டரில் மார்க் லெவின் என்பவர் இதைக் கால்பந்து ரசிகர்களிடம் சோதித்தார். மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் நடந்துபோகும் வழியில் ஒருவர் விழுகிறார். அவர் யுனைடெட் சட்டை போட்டிருந்தால் தூக்கிவிடுகிறார்கள். எதிரணியான லிவர்பூல் சட்டை என்றால் பெரும்பாலும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் கிளம்பும் முன் 'கால்பந்து ரசிகராக இருப்பது எப்படி' என்று பொதுவாகப் பேசவைத்து அனுப்பினால், லிவர்பூல்காரரையும் தூக்கினார்கள். 'நாம்' என்ற வட்டம் எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தே கை நீள்கிறது.

அந்த வட்டம் சுருங்கினால்? 2018 மே மாதம். குழந்தை கடத்துகிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய நேரம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூர். குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து காரில் போன குடும்பம், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. ஊர் திரண்டது. 65 வயது அம்மா ஒருவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். கூடப் போனவர்கள் படுகாயம். அங்கே யாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. எல்லோரும் இறங்கினார்கள். தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்தார்கள். நுங்கம்பாக்கத்தில் இறங்க ஒருவர் இல்லை. அத்திமூரில் 'கொஞ்சம் நில்லுங்கடா, இவங்க யாருன்னு கேட்போம்' என்று சொல்ல ஒருவர் இல்லை. என் கணக்கில் இரண்டும் ஒரே குறைதான்.

ஆகவே ஒற்றுமை, ஒற்றுமை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஒற்றுமை இந்த ஊரில் போதிய அளவு இருக்கிறது. மார்ட்டன் பாவிங்க் என்ற நெதர்லாந்து ஆய்வாளர் சோழமண்டலக் கரை ஊர்ப் பஞ்சாயத்துகளைப் பற்றி 2001இல் ஒரு புத்தகமே எழுதினார். எந்த வலையை இறக்கலாம், எதை இறக்கக் கூடாது என்று சர்க்காருக்கு முன்னால் ஊர்தான் முடிவு செய்கிறது, ஊர் சொன்னால் படகுகள் நிற்கின்றன என்பதை அவர் விரிவாகக் காட்டினார். பெரிய பலம் அது. 1985இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மெரினாவை அழகுபடுத்தக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற வந்தபோது, துப்பாக்கிச் சூடு வரை போய் உயிர்ப்பலி கொடுத்தும் இந்தக் கரை இன்னும் உங்கள் கரையாக இருப்பதற்கு அந்தக் கட்டுப்பாடு ஒரு காரணம். 2023 ஏப்ரலில் உயர் நீதிமன்ற உத்தரவைச் சொல்லி லூப் ரோட்டு மீன் கடைகளை எடுத்தபோது, ரோடுதான் எங்கள் இடத்தில் வந்தது என்று சாலையை மறித்து உட்கார்ந்தீர்கள். மீன் விற்கும் அக்காமார்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில் புது மீன் அங்காடி திறக்கப்பட்டது. அதில் எல்லோருக்கும் திருப்தியா என்பது வேறு விஷயம்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த நாட்களில் ஒரு அக்கா, 'என் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும், எனக்கு இந்த மறியலில் உடன்பாடு இல்லை' என்று கூடையைத் தூக்கியிருந்தால் ஊர் அவளை என்ன செய்திருக்கும்? அபராதமா? நல்லது கெட்டதுக்குக் கூப்பிடாமல் ஒதுக்கி வைப்பதா? இப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. கடற்கரை ஊர்கள் பலவற்றில் கட்டுப்பாட்டை மீறியவர்களுக்கு இதெல்லாம் நடந்திருக்கிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். போலீஸ்காரர் உத்தரவை மறுத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற நாம், ஊர் உத்தரவை மறுக்கிறவருக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறோம்? ஒப்புக்கொள்ளாதவரை அடித்து உட்கார வைக்கப் பழகிய ஊரில், அத்திமூர் மாதிரி ஒரு ராத்திரி வந்தால் 'நில்லுங்கடா' என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அந்த வாய் சாதாரண நாளில் பழகியிருக்க வேண்டும்.

தம்பிகளுக்கு இரண்டு விஷயம், சட்டென்று சொல்லிவிடுகிறேன். ரோட்டில் அடிபட்டுக் கிடக்கிறவரைப் பார்த்தால் 'யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கப்பா' என்று கத்தாதீர்கள். ஒருவரைக் கை நீட்டி, 'சிவப்புச் சட்டை அண்ணா, நீங்க 108க்கு அடிங்க' என்று சொல்லுங்கள். பொறுப்பு அப்போது பங்கு போடப்படாமல் ஒருவர் கையில் போய் உட்காரும். போலீஸ், கோர்ட் என்று பயப்பட வேண்டாம். 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் தந்துவிட்டது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே சேர்ந்துவிட்டது. உதவி செய்தவர் தன் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆஸ்பத்திரியில் உங்களைப் பிடித்து வைக்க முடியாது. நல்ல எண்ணத்தோடு செய்த உதவிக்காக உங்கள்மேல் வழக்கும் போட முடியாது.

ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். கடற்கரை ஊர்க்கூட்டங்களில் பெரும்பாலும் ஆண்கள்தான் உட்காருகிறார்கள். ரோட்டில் போலீஸ் முன்னால் உட்காரப் பெண்கள் வேண்டும், முடிவெடுக்க உட்காரும்போது வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம்? அடுத்த ஊர்க்கூட்டத்தில் மீன் விற்கிற அக்காமார்களுக்கும் இடம் போடுங்கள். முடிவு சொல்வதற்கு முன்னால், 'இதற்கு ஒப்பாதவர் யாராவது உண்டா?' என்று தலைவர் ஒரு முறை சத்தமாகக் கேட்கட்டும். ஒருவர் எழுந்தால் அவர் பேசி முடிக்கும் வரை யாரும் குறுக்கே பேச வேண்டாம். அவர் சொல்வதை ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். அபராதம் மட்டும் போடாதீர்கள்.